பூசாத செங்கல் சுவர்: பத்து வருடப் பயன்பாட்டில் எது நிற்கிறது, எது போகிறது

பூசாமல் விட்ட செங்கல் சுவரைக் கட்டி முடித்த அன்றே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை. அன்றைக்கு எல்லாச் சுவரும் அழகுதான். மூன்று மழைக்காலம் போன பிறகு கொத்து வேலை எப்படி நடந்தது என்று தெரியும். பத்து வருடம் போனால் கலவையில் எத்தனை பங்கு சிமென்ட் போட்டார்கள் என்பதையே சுவர் காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக வெந்த கல் எளிதில் கெடாது. சுவரின் ஆயுள் இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் 10 மி.மீ. கலவை அடுக்கில், அதாவது ஜாயிண்ட்டில் இருக்கிறது. அந்த ஜாயிண்ட் பலத்தில் கல்லைவிட ஒரு படி குறைந்ததாக இருக்கவேண்டும் என்பதை ஏற்கத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

சிமென்ட் கூடினால் பலம் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. சுவர் சும்மா நிற்பதில்லை. வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, மழையைக் குடித்துப் பிறகு வெளியே விடுகிறது. சிமென்ட் குறைந்த மெலிந்த கலவை இந்த அசைவைக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களாகப் பிரித்துத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் போட்ட 1:3 கலவை விட்டுக்கொடுக்காது. அசைவெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து கல்லையே பிளந்துகொண்டு போகும். ஈரத்தின் கதையும் அதுதான். கடினமான ஜாயிண்ட் வழியே போக முடியாத ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறும். கூடவே வந்த உப்பு அங்கேயே படிந்து, சில வருடங்களில் முகம் செதில் செதிலாக உதிரும். ஜாயிண்ட் மட்டும் கூடு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட்டால் பாயிண்டிங் செய்த, அதாவது ஜாயிண்ட்டின் வெளிவிளிம்பைச் சுரண்டிப் புதுக் கலவை நிரப்பிய இடங்களில் இந்தக் காட்சி சகஜம். போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-இல்தான். அதற்கு முன் கட்டிய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பையும் மண்ணையும் நம்பி நின்றவை. அவற்றுக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

கல்லும் கலவையும்

இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் 'ணங்' என்று கேட்கவேண்டும். மந்தமான சத்தம் என்றால் வேக்காடு போதவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. பூசாத சுவருக்கு இன்னும் இரண்டு சோதனை அவசியம். முதலாவது நீர் உறிஞ்சல்: உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து மறுபடி எடைபோடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் எடுக்கவே வேண்டாம். மழை நேரடியாக அடிக்கும் முகத்துக்கு 15-க்குள் இருப்பது நல்லது. இரண்டாவது உப்பு. ஒரு தட்டில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கல்லை நட்டுவைத்து, நீர் முழுதும் வற்றிய பிறகு மறுபடி ஒருமுறை ஊற்றி வற்றவிடுங்கள். முகத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் வெள்ளை பூத்தால் தாங்கலாம். பாதி முகம் வெளுத்தால் அந்த லோடு பூசும் சுவருக்குப் போகட்டும்.

நிலக்கரிச் சாம்பலில் செய்த சாம்பல் கல்லும் சுண்ணாம்பு-மணல் கல்லும் அளவில் துல்லியமானவை, ஜாயிண்ட் நேர்த்தியாக வரும். ஆனால் சுட்ட கல் சூளையை விட்டு வந்த பிறகு ஈரத்தை வாங்கி மெல்ல விரிகிறது. சாம்பல் கல்லும் சுண்ணாம்பு-மணல் கல்லுமோ கட்டிய பிறகு சுருங்குகின்றன. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் சேரும் இடத்தில் விரிசல் உறுதி. நீளச் சுவரில், விரிந்து சுருங்க இடம் விடும் அசைவு இடைவெளி சுட்ட கல்லுக்கு சுமார் 12 மீட்டருக்கு ஒன்று, சுண்ணாம்பு-மணல் கல்லுக்கு 7.5 முதல் 9 மீட்டருக்கு ஒன்று வேண்டும். கைப்பிடிச் சுவர் இருபுறமும் வெயில் வாங்குவதால் அங்கே இந்தத் தூரத்தில் பாதி.

9 அங்குலச் சுவருக்கு 1:6 போதும். நாலரை அங்குலத்துக்கு 1:4 அல்லது 1:5. இதைவிட நல்லது ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு சேர்ந்தால் கலவை கரணையில் வெண்ணெய் மாதிரி வழியும், தண்ணீரைச் சட்டென்று கல்லுக்கு விட்டுக்கொடுக்காது, கல்லோடு முழுதாக ஒட்டும். பல வருடம் கழித்து மழைக்கசிவு குறைவாக இருப்பது இந்தச் சுவர்களில்தான்.

அளவுக்குச் சட்டிக் கணக்கு வேண்டாம். குவித்த சட்டியும் தலைதட்டிய சட்டியும் ஒன்றாகாது. உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. கொண்ட பெட்டி ஒன்று செய்தால் 35 லிட்டர். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றின் கொள்ளளவு சரியாக அதுதான். ஈர மணல் உப்பும் என்பதையும் மறக்கக்கூடாது. லேசாக ஈரமான பொடி மணல் 25, 30 சதவீதம் வரை பெருத்துக் காட்டும். ஒரு டப்பாவில் ஈர மணலை நிரப்பி உயரத்தை அளந்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி, படிந்த பிறகு மறுபடி அளந்தால் எவ்வளவு உப்பியிருந்தது என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு மணலைக் கூட்டவேண்டும். அதே மணலை உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் குலுக்கிச் சில மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் தனி அடுக்காகத் தெரியும். அந்த அடுக்கு 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்தக்கூடாது.

230 × 110 × 70 மி.மீ. கல்லில், 10 மி.மீ. ஜாயிண்ட்டோடு, 10 சதுர மீட்டர் 9 அங்குலச் சுவருக்குச் சுமார் 1,040 கல் பிடிக்கும். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,100 வாங்கலாம். 1:6 கலவைக்கு மூன்று மூட்டை சிமென்ட், அரை கன மீட்டருக்குச் சற்று மேல் மணல். கலவையைத் தண்ணீர் ஊற்றிய பிறகு வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இறுகியதை மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைத்து வைப்பது, சிறியதாகத் தெரிந்தாலும், பிற்பாடு ஜாயிண்ட் மாவாக உதிர்வதற்கு முக்கியக் காரணம்.

வைக்கும் விதம்

கல்லை நனைப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு எளிய வழி இருக்கிறது. உலர்ந்த கல்லின் படுக்கை முகத்தில் 25 மி.மீ. வட்டம் வரைந்து, சொட்டுக்குழாயால் 20 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் குடித்துவிட்டால் நனைத்தாக வேண்டும். நனைத்த பிறகு மேற்பரப்பு காய்ந்து, உள்ளே ஈரம் இருக்கும் நிலையில் வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் கல் கலவைமேல் வழுக்கும், உப்பும் கூடுதலாகப் பூக்கும். சாம்பல் கல்லை ஊறவைக்கவே கூடாது. லேசாகத் தெளித்தால் போதும்.

சுவர் ஒழுகுமா என்பது பெரும்பாலும் நெட்டு ஜாயிண்ட்டில், அதாவது இரண்டு கல்லின் தலைகள் சேரும் இடத்தில் முடிவாகிறது. வேகமாக வேலை நடக்கும்போது கல்லின் தலையில் இரண்டு ஓரமும் ஒரு சொட்டுக் கலவை தடவி வைத்துவிடுவார்கள். வெளியே நிரம்பியதாகத் தெரியும், நடுவில் பொந்து. மழை அந்தப் பொந்து வழியேதான் உள்ளே நுழைகிறது. சோதிக்க ஒரே வழி, இப்போதுதான் வைத்த கல் ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பது. அடிமுகத்திலும் தலையிலும் கலவையின் அச்சு முழுதாகப் பதிந்திருக்கவேண்டும். நடுவில் சிவப்புத் தெரிந்தால் அந்த வரிசை ஒழுகும். கொத்தனார் முகம் சுளிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு கல் பிடுங்கினால் மூன்றாம் நாள் தலை நிரம்பத் தடவுவார். கல்லில் முத்திரை பதித்த குழி மேல்நோக்கி இருக்கவேண்டும். கீழ்நோக்கி வைத்தால் குழி நிரம்பாது, ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு காற்றறை. இறுகத் தொடங்கிய கல்லைத் தட்டி நேர்செய்வதும் கூடாது, ஒட்டு விட்டுப்போகும். கோணலாகப் போனால் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, புதிதாக வையுங்கள்.

ஒரு நாளில் ஒரு மீட்டர் உயரம் போதும், ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது. தூக்குகுண்டில் மூன்று மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. விலகல் வரை பொறுக்கலாம். மறுநாள் தொடரும் இடத்தைப் படிக்கட்டு போல விட்டு நிறுத்துங்கள்; ஒன்றுவிட்டு ஒன்று கல்லை நீட்டிப் பல் விட்டு நிறுத்தினால் பிறகு இடுக்கில் கலவை போகாது. சிமென்ட் கலவைக்கு ஏழு நாள் ஈரம் குறையக்கூடாது. காலையில் ஒரு முறை பீய்ச்சிவிட்டுப் போவதைவிட ஈரச் சாக்கு போர்த்துவது மேல்.

கட்டைவிரலை அழுத்தினால் தடம் பதியும், கலவை ஒட்டாது என்ற பதம் வந்ததும் ஜாயிண்ட்டைவிடச் சற்றே பருத்த, வளைத்த கம்பியால் இழுத்து அமுக்கவேண்டும். இந்த அரைவட்டக் குழி மேற்பரப்பை இறுக்கி நீரை வழியவிடும். நிழல் விழுந்தால் அழகு என்பதற்காக ஒரு அங்குலம் உள்ளே சுரண்டிய ஜாயிண்ட், ஒவ்வொரு கல்லின் தலையிலும் தண்ணீர் தங்க ஒரு திண்ணை போட்டுக்கொடுக்கிறது. உள்சுவரில் செய்துகொள்ளுங்கள், மழைப்பக்கம் வேண்டாம்.

வருடம் போகப் போக

முதல் வருடம் வெள்ளை பூக்கும். பயப்படத் தேவையில்லை. கட்டும்போது குடித்த தண்ணீர் வெளியேறும்போது கொண்டுவரும் உப்பு அது. உலர்ந்த நாளில் உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடவேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய், அடுத்த வெயிலில் திரும்பி வரும். அமிலம் ஊற்றும் பழக்கம் இன்னும் மோசம். மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும் சில கறைகள் அமிலம் பட்டால் பழுப்பாகி நிலைத்துவிடும். இரண்டு, மூன்று வருடம் கழித்தும் ஒரே இடத்தில் வெள்ளை வந்தால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். அங்கே தண்ணீர் புதிதாக நுழைகிறது.

நுழையும் இடங்கள் அநேகமாக இரண்டு. ஒன்று சுவரின் தலை. மூடுகல் இருபுறமும் 40, 50 மி.மீ. வெளியே நீண்டு, அடியில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு, அதாவது சொட்டுக்காடி இருக்கவேண்டும். காடி இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கே திரும்பும். இரண்டாவது சுவரின் கால். டி.பி.சி. எனப்படும் ஈரத்தடுப்பு அடுக்கு தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே இருக்கும்படி கட்டியிருப்பார்கள். ஐந்தாம் வருடம் யாராவது பூச்செடிக்கு மண் கொட்டுவார்கள், அல்லது தளத்துக்கு மேல் இன்னொரு தளம் போடுவார்கள். அந்த 150 மி.மீ. காணாமல் போகும். ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். மண்ணை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்.

பளபளப்பு வார்னிஷ் வகைப் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் வெண்படலமாகி உரிகிறது, உள்ளே போன ஈரத்தையும் அடைத்துவைக்கிறது. தண்ணீர் ஒட்டாமை வேண்டுமானால் சிலேன்-சிலாக்சேன் வகை சற்றுப் பரவாயில்லை, சுவர் மூச்சுவிடும். அதுவும் ஜாயிண்ட்டைச் சரிசெய்த பிறகுதான், அதற்கு மாற்றாக அல்ல. உயர் அழுத்த நீர்ப்பீச்சு கல்லின் வெந்த தோலையே எடுத்துவிடும், தொடவேண்டாம். முளைத்த செடியை இழுத்துப் பிடுங்கினால் நாலு கல்லும் கூட வரும். வெட்டி, வேரை மருந்திட்டுச் சாகவைத்து, காய்ந்த பிறகு எடுங்கள்.

விரிசல் படிக்கட்டு போல ஜாயிண்ட் வழியே ஏறினால் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறது. படுக்கை ஜாயிண்ட்டில் கிடையாக ஓடினால் உள்ளே பதித்த கம்பி துருப்பிடித்து உப்புகிறதா, சல்பேட் உப்பு கலவையைத் தின்கிறதா என்று பார்க்கவேண்டும். இருபுறமும் பென்சில் புள்ளி வைத்துத் தேதி எழுதி மாதம் ஒருமுறை அளந்தால் நகர்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியும். நகரும் விரிசலை அடைப்பது கலவைக்குக் கேடு. 5 மி.மீ.க்கு மேல் போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மறு பாயிண்டிங்

சாவியால் சுரண்டினால் ஜாயிண்ட் பொடியாகக் கொட்டும் இடத்துக்கு மட்டும் செய்தால் போதும். சுவர் முழுதும் செய்யவேண்டிய அவசியம் அநேகமாக வராது. ஜாயிண்ட் அகலத்தின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம், அதாவது 20 முதல் 25 மி.மீ., சதுரமாகச் சுரண்டி எடுக்கவேண்டும். படுக்கை ஜாயிண்ட்டின் நடுவில் மெஷின் ஓட்டலாம். நெட்டு ஜாயிண்ட்டில் உளியும் சுத்தியலும் மட்டுமே. அங்கே மெஷின் வைத்தால் மேலும் கீழும் கல் வெட்டுப்பட்டு, அந்தத் தழும்பு என்றைக்கும் போகாது. தூசியை ஊதி, முந்தின நாளும் அன்று காலையும் நனைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்து, ஈர மண் பதத்தில் இருக்கும் கலவையை 6 மி.மீ. அடுக்குகளாக அமுக்கி நிரப்புங்கள். ஒவ்வொரு அடுக்கும் கட்டைவிரல் பதத்துக்கு வந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையாகத் திணித்தால் வெளியே இறுகி உள்ளே சுருங்கி, அடுத்த வருடம் துண்டாக விழும்.

புதுக் கலவையின் நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணில் படாத மூலையில் இரண்டு மூன்று விகிதத்தில் ஓரடி நீளம் இழுத்து, பழைய ஜாயிண்ட்டில் இருந்த மணலின் பருமனுக்கும் நிறத்துக்கும் ஒத்த மணல்தானா என்று சரிபார்த்து, முழுதாகக் காய்ந்த பிறகு, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் நின்று பாருங்கள்.