வியட்நாமியம் படிக்க ஹனோயா, சைகோனா?

வியட்நாமிய மொழியைப் பேச்சோடு பழகி, ஒரு குடும்பத்தோடு தங்கிப் பார்க்கவும் கிளம்புகிறவர் முதலில் ஊரை முடிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளி, பாடப்புத்தகம், வீடு எல்லாம் அதற்குப் பிறகுதான். வடக்கே தலைநகர் ஹனோய், தெற்கே சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்): இரண்டு ஊரிலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல், மானுடப் புலங்களுக்கான பிரிவு வெளிநாட்டவருக்கு மொழி கற்றுத்தருகிறது. விசா விதியும் ஒன்றே. 2023 ஆகஸ்ட் 15 முதல் இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. அதற்கு மேல் தங்கிப் படிக்க, கல்வி நிறுவனம் ஏற்பாடு செய்யும் மாணவர் விசா வேண்டும்.

உண்மையான வித்தியாசம் காதில் விழுவது. ஹனோயில் தொனிகள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், ஆறு. சைகோனில் 'ஹோய்', 'ஙா' என்ற இரண்டும் ஒரே ஒலியாகிவிடுவதால் ஐந்து. எழுத்தில் மட்டும் அவற்றின் குறிகள் வேறு வேறாகவே இருக்கும்; தெற்கத்தியப் பிள்ளைகளே எழுத்துப்பிழை விடும் இடம் அது. ஹனோய் 'ஙா'வில் குரல் ஏறும் வழியில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். அதைப் பழகிக்கொண்டவர் பிறகு தெற்கே போனால் ஒன்றை விட்டால் போதும். தெற்கே தொடங்கியவர் வடக்கே வந்தால் ஒவ்வொரு சொல்லாக மறுபடி பிரித்துப் படிக்க வேண்டும்.

ஆனால் ஹனோய்ப் பேச்சு எல்லாவற்றிலும் துல்லியமானது என்றும் நினைக்க வேண்டாம். ஹனோய்க்காரர் சொல்லின் தலையில் வேறுவேறு ஒலிகளை ஒன்றாக்கிவிடுவார், சைகோன்காரர் வாலில். எழுத்தில் மூன்று வகையாக இருக்கும் முதலொலிகள் ஹனோயில் வண்டு ரீங்காரம் போன்ற ஒரே ஒலியாகும்; 'ஆவ் ஸாய்' என்பார்கள், சைகோனில் அதே உடை 'ஆவ் யாய்'. சைகோனிலோ, கடைசியில் வரும் 'ன்' பல சொற்களில் 'ங்' ஆகும், 'த்' 'க்' ஆகும். வீட்டுச் சாமான்களின் பெயரும் மாறும்: சோற்றுக் கிண்ணம் வடக்கே 'பாட்', தெற்கே 'சேன்'. 'ஓம்' என்றால் வடக்கே உடம்பு சரியில்லை, தெற்கே ஒல்லி.

எந்த ஊரானாலும் தமிழ் நாக்கு இரண்டு இடத்தில் சறுக்கும். கண்ணுக்கு 'மத்' (சைகோனில் 'மக்') என்று நிறுத்தாமல் 'மத்து' என்போம். நமது உகரப் பழக்கம். 'ஹொக்' (படி) முடியும்போது உதடுகளும் மூடிக்கொள்ள வேண்டும், கன்னம் லேசாக உப்பும். அடுத்தது கேள்வி. 'சாப்பிட்டாச்சா?' என்று கடைசியில் குரலை உயர்த்துவது நமக்கு இயல்பு. அங்கே 'அன் கொம் ச்சுவா?' என்பதில் கடைசிச் சொல் சமமாகவே நிற்க வேண்டும், உயர்த்தினால் அது 'உள்ளே வைத்திருத்தல்' என்ற வேறு சொல். ஆறுதலுக்கு, வீட்டைக் குறிக்கும் 'ஞா'வில் நம் ஞகரமே வேலை செய்யும்.

குடும்பத்தோடு தங்கும்போது முறைப்பெயர்தான் இலக்கணம். முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடும் நமக்கு இது சுலபம். அங்கே கூடுதலாக, 'நான்' என்ற இடத்திலும் முறைப்பெயர் வரும். பாட்டியிடம் பேசும் பேத்தி ஹனோயில் தன்னை 'சாவ்' என்பாள், சைகோனில் 'கோன்'. தெற்கே மூத்த பிள்ளையை 'ஹாய்', அதாவது இரண்டு, என்று எண்ணத் தொடங்குவார்கள். 'மூன்று' என்று கூப்பிட்டால் அவர் இரண்டாவது பிள்ளை.

சாப்பாட்டு நேரத்தில் ஹனோய்க் குடும்பம் கொஞ்சம் கண்டிப்பு. இளையவர் வயது வரிசைப்படி ஒவ்வொருவரையும் 'மோய் பா சோய் கொம்' (பாட்டி, சாப்பிடுங்கள்) என்பதுபோல முறை சொல்லி அழைத்த பிறகே குச்சியை எடுப்பார். தினமும் கேட்டுச் சொல்லிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. சைகோன் வீடுகளில் இந்தச் சடங்கு பெரும்பாலும் இல்லை. சோற்றில் குச்சியை நட்டு வைப்பது மட்டும் எங்கும் ஆகாது, அது இறந்தவருக்கான படையல் போல் இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர் 'அன் சாய்' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீரையிலும் மீன்சாறு இருக்கும். சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் பலர் தாங்களே சைவம் என்பதால் சொல் புதிதாக இராது. சைகோனில் ட்ருவாங் தின் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே வியட்நாமியரும் திரளாகக் கும்பிடுகிறார்கள்.

குளிர் தாங்காதவருக்குச் சைகோன்தான். ஹனோயில் ஜனவரியில் 10 டிகிரி வரை இறங்கும், வீடுகளில் சூடேற்றும் வசதி அபூர்வம். குளிரைச் சமாளிக்க முடியுமென்றால் எங்கள் தேர்வு ஹனோய், அதுவும் பாட்டி தாத்தா இருக்கும் வீடு. ஆங்கிலம் பேசிப் பழக நினைக்கும் பிள்ளைகள் மட்டுமே வீட்டில் என்றால், உங்கள் மாலைகள் ஆங்கிலத்திலேயே போய்விடும். இன்ன நேரம் வியட்நாமியம் மட்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சைகோனைத் தேர்ந்தால், வீட்டாரின் பூர்வீகத்தைக் கேளுங்கள். 1954-இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து வந்தவர்களின் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் வடக்கத்திய உச்சரிப்பிலேயே பேசக்கூடும். வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று காது குழம்பும். இன்னொன்று: தங்கவைப்பவர் உங்கள் வருகையை 12 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீசில் பதிய வேண்டும். பதிவு வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.