பழைய வீட்டை அளப்பவருக்கு ஏற்ற கருவி: லைக்கா டிஸ்டோ டி2

கட்டடக்கலைஞரின் வேலைகளில் வெளியார் அதிகம் அறியாதது, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை அளந்து வரைபடமாக்குவது. புதுப்பிப்பதற்காக வரும் பழைய வீடுகள் பலவற்றுக்கு வரைபடமே இருப்பதில்லை. இருந்தாலும், அனுமதிக்காக வரைந்த தாளும் எழும்பி நிற்கும் சுவரும் ஒத்துப்போவது அரிது. இந்த அளவெடுப்புக்கென்று வீட்டுக்காரரிடம் தனிக் கட்டணம் கேட்பதும் எளிதாக இல்லை. ஆனால் இதில் நேரும் பிழை பிற்பாடு சமையல் மேடையிலும் கதவு நிலையிலும் மாடிப்படியிலும் வெளிப்பட்டே தீரும்.

இந்த வேலைக்குக் கைகொடுப்பது, எதிர்ச் சுவரில் லேசர் ஒளியைப் பாய்ச்சித் தூரத்தைக் காட்டும் கையடக்க லேசர் அளவி. அது 1993ஆம் ஆண்டு லைக்கா நிறுவனத்தின் டிஸ்டோ என்ற பெயரில்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அந்த வரிசையைச் சேர்ந்த டி2 சட்டைப் பையில் அடங்கிவிடும். நல்ல சூழலில் 100 மீட்டர் வரை அளக்கும். வழக்கமான துல்லியம் 1.5 மில்லிமீட்டர் கூடவோ குறையவோ என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. வரைபடத்துக்கு மில்லிமீட்டரும் மேஸ்திரியிடம் பேச அடி, அங்குலமும் தேவைப்படும் நம் ஊரில், இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும் வசதி பெரிய உதவி.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் தஞ்சை, கும்பகோணம் பக்கத்து அக்கிரகார வீடு ஒன்றை அளந்து பார்க்க வேண்டும். அகலம் குறைந்து நீளம் மிகுந்த அவ்வீடுகளில் திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அறைகளை டேப்பால் அளக்க இருவர் வேண்டும். நீளம் கூடக்கூட டேப்பும் நடுவில் தொய்ந்துவிடும். வாசல்கள் நேர்க்கோட்டில் அமைந்திருந்தால், இக்கருவியைக் கொல்லைக் கதவோரம் வைத்து ரேழிவரை ஒரே வீச்சில் அளந்துவிடலாம். அறைகளையும் சுவர்களையும் தனித்தனியே அளந்து கூட்டும்போது சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன; அந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க இந்த முழுநீள அளவு கையில் இருப்பது அவசியம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரின் கனத்தைக்கூட, வெளி அகலத்திலிருந்து உள் அளவுகளைக் கழித்துத்தான் ஊகிக்க முடியும் என்பதால் அங்கும் நம்பகமான நீண்ட அளவே கைகொடுக்கிறது.

பழைய அறைகள் பெரும்பாலும் மூலைமட்டத்துக்கு நிற்பதில்லை. நான்கு பக்கங்களோடு மூலைவிட்டம் ஒன்றையாவது எடுத்தால்தான் அறையின் உண்மையான வடிவம் தாளில் வரும். மூலையில் பொருத்தி அளப்பதற்கென்று கருவியின் அடியில் ஒரு மடிப்புத் துண்டு உண்டு. அதை விரித்தவுடன் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கருவி தானே மாற்றிக்கொள்கிறது. அளவெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

கூரை உயரத்தை முக்கோணக் கணக்கால் எட்ட நின்றே கண்டுபிடிக்கும் வசதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சாய்வை உணரும் பொறி டி2இல் கிடையாது. கை சற்றே அசைந்தாலும் விடை மாறிவிடும். முற்றத்தில் உச்சிவெயில் விழும் நேரத்தில் எந்தச் சிவப்பு லேசர் கருவியின் புள்ளியும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், திறந்தவெளி அளவுகளைக் காலையிலோ மாலையிலோ எடுப்பது நல்லது. புளூடூத் வழியே அளவுகளைக் கைப்பேசிக்கு அனுப்பலாம். ஆயினும் கையால் வரைந்த படத்தின்மேல் அந்தந்த இடத்திலேயே எண்ணை எழுதிக்கொள்வதைத்தான் நான் இளையவர்களுக்குச் சொல்வேன். எந்தச் சுவரின் அளவு என்பது தெரியாத எண்ணை அலுவலகத்துக்கு வந்தபின் எதிலும் பொருத்த முடியாது.

வீடு புதுப்பிக்கும் வேலைகளைத் தனியாகவோ சிறு அலுவலகமாகவோ செய்பவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். சன்னல் ஆழம், படியின் உயரம் போன்றவற்றுக்கு ஐந்து மீட்டர் டேப் ஒன்றும் கூடவே பையில் இருக்கட்டும். மனையின் எல்லையையும் தரைமட்ட ஏற்றத்தாழ்வையும் அளக்க மட்டும் டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி) வைத்திருக்கும் நில அளவையாளரை அழைத்துக்கொள்ளுங்கள்.