மதுரை விளக்குத்தூண் பக்கம் கிடைக்கும் லூஸ் டயப்பர்: வாங்கலாமா?

வாங்க வேண்டாம். விலை குறைவு என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விளக்குத்தூண் சுற்றுவட்டாரத்தில் துணி எடுக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் ஐம்பது, நூறு என்று அடுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் "கம்பெனி மால்தாம்மா, கவர் மட்டும்தான் வேற" என்பார்கள். கடைகளில் ஒரு டயப்பருக்குக் கொடுக்கிற காசில் இங்கே இரண்டு கிடைக்கும். என் கொழுந்தனார் குழந்தையைப் பார்க்க வரும்போது ஆசையாக ஒரு பெரிய கட்டு வாங்கி வந்தார், அதைப் பயன்படுத்திய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் ஒன்றைப் பிரித்து டம்ளர் தண்ணீரை ஊற்றி, கையை வைத்துப் பாருங்கள் ஈரமே இல்லை என்று காட்டுவார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி. அது வெறும் தண்ணீர் என்றால் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு குடிக்கும், உப்புத் தண்ணீர் என்றால் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும், குழந்தையின் மூத்திரத்தில் உப்பு இருக்கிறது. வீட்டில் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து லூஸ் டயப்பரிலும் வழக்கமாக வாங்கும் டயப்பரிலும் ஒரே அளவு ஊற்றி, சற்று நேரம் கழித்துக் காகிதத்தை வைத்து அழுத்தினேன். லூஸ் டயப்பரில் காகிதம் சொதசொதவென்று நனைந்துவிட்டது, மற்றதில் லேசான ஈரம்தான். அந்த நனைவு ராத்திரி முழுக்கக் குழந்தையின் தோலில் இருக்கும்.

ஈரம் பட்டதும் அந்தப் பொடி ஜெல்லாகிவிடும், டாம்பானில் நிறுத்தியதை டயப்பரில் போடுகிறார்கள் என்று இதைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பெண்கள் உடலுக்குள் வைக்கும் டாம்பானில் இதே வகைப் பொருளைச் சேர்ப்பதை 1980களில் நிறுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் அப்போது டாம்பான் வைத்தவர்களுக்கு வந்த, உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா விடும் நச்சு, டாம்பான் உள்ளே வெகுநேரம் இருக்கும்போது அந்த பாக்டீரியா பெருகுகிறது. டயப்பர் உடலுக்கு வெளியே போடுவது, அந்தக் கதை இதற்குப் பொருந்தாது. டயப்பர் கிழிந்து தோலில் ஜெல் ஒட்டினால் துடைத்துவிட்டால் போதும், குழந்தை வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி நனைந்தால் மஞ்சளில் இருந்து நீலமாக மாறும் கோட்டைப் பார்த்தும் பயப்படுகிறார்கள், அது வெளிப்புறத் தாளுக்கு அடியில் இருக்கிறது, பிள்ளையின் தோலைத் தொடுவதில்லை.

எங்கே சிவக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம், இதை எங்கள் குழந்தைகள் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தொடை இடுக்கின் மடிப்பை விட்டுவிட்டு மேடான இடங்களில் மட்டும் சிவந்தால் அது பெரும்பாலும் ஈரமும் உராய்வும் மலமும் செய்த வேலை. மூத்திரமும் மலமும் சேரும்போது அம்மோனியா உண்டாகி தோலின் காரத்தன்மை கூடுகிறது, அப்போது மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்க ஆரம்பிக்கின்றன, அதனால்தான் ஆய் போனதும் உடனே மாற்றச் சொல்கிறார்கள். மடிப்புக்குள்ளேயே நல்ல சிவப்பாக இருந்து சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தால் பூஞ்சைத் தொற்று, அதற்கு வெறும் துத்தநாகக் களிம்பு போதாது. இடுப்பிலும் தொடையிலும் எலாஸ்டிக் பதிகிற கோட்டில் மட்டும் தடித்தால் ரப்பர், பசை, சாயம் இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். என் மகளுக்கு லூஸ் டயப்பர் போட்டபோது வந்தது இந்தக் கடைசி வகை. இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, அரிப்பில் ராத்திரியெல்லாம் அழுகை. நிறுத்தியதும் அடங்கிவிட்டது.

அடுத்தது வாசனை. கவரைப் பிரித்ததும் அறை முழுக்க பவுடர் வாசம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, டயப்பரில் வாசனைக்கு என்ன வேலை? குழந்தைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, முகர்ந்து பார்க்கிற நமக்காகப் போடுவது. பிரான்ஸ் அரசின் ஆன்செஸ் என்ற அமைப்பு டயப்பர்களைச் சோதித்து 2019 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது, அதில் வாசனைப் பொருள்கள், ஃபார்மால்டிஹைட், டையாக்சின் போன்ற தீங்கான வேதிப்பொருள்கள் இருந்ததைச் சொல்லி, வாசனையை முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார்கள். டயப்பரால் குழந்தைகளுக்கு நோய் வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, ஆனால் ஆபத்து இல்லை என்றும் சொல்லிவிட முடியாது என்பதுதான் அவர்கள் நிலை. நம் நாட்டில் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு இங்கே விற்கும் டயப்பர்களில் தாலேட் இருப்பதாக 2020இல் சொன்னது. பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் பொருள் அது, சில வகைத் தாலேட்டுகள் ஹார்மோனைப் பாதிக்கக்கூடியவை. இதெல்லாம் பெயரும் விலாசமும் உள்ள டயப்பர்களிலேயே கேட்கப்படும் கேள்விகள். இந்தப் பெயரில்லாத கவரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? தயாரித்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை, எம்ஆர்பி இல்லை, புகார் எண் இல்லை. இப்படிப் பொட்டலம் போட்டு விற்கும் பொருள்களில் இவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. கட்டி வைத்த கவரையே "லூஸ்" என்று சொல்லி விற்பதால் அது மாறிவிடாது.

அப்படியானால் துணியே கட்டலாமே என்று என் மாமியார் சொல்கிறார், பகலில் அதைத்தான் செய்கிறோம். பழைய மல்வேட்டியைக் கிழித்துக் கட்டுவதற்கு நிகராக இந்தக் கத்திரி வெயிலில் எதுவும் இல்லை. ஆனால் துணி என்றாலே கெமிக்கல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு, சோப்பு சரியாகப் போகாது, அதோடு வாசனை லிக்விடும் டெட்டாலும் ஊற்றி அலசினால் அத்தனையும் துணியில் தங்கிப் பிள்ளையின் தோலுக்குத்தான் போகும். ஒன்றுக்கு இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் காயப்போடுங்கள்.

ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் டயப்பர் தேவைதான், மாட்டுத்தாவணியில் இருந்து சென்னை வரைக்கும் துணியோடு போக முடியாது. அதற்கு நான் இப்போது வாங்குவது வாசனை இல்லாத, லோஷன் தடவாத வகை. இந்திய தர நிர்ணய அமைவனம் 2021இல் டயப்பருக்கென்றே ஒரு தரம் வெளியிட்டது, எண் ஐஎஸ் 17509, அந்த எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். புது வகையை மாற்றும்போது பெரிய பாக்கெட்டாக வாங்காமல் சின்னதாக வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

மிச்சம் இருந்த லூஸ் டயப்பரை யாருக்கும் கொடுக்கவில்லை, காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். விலாசம் இல்லாத கவரை உங்களுக்கும் யாராவது விற்றால் பில் கேளுங்கள், கவரைப் படம் எடுத்து வையுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தமிழ்நாட்டில் பொட்டல விவரம் பற்றிய அந்த விதியைக் கவனிப்பது தொழிலாளர் துறை, அங்கேயும் புகார் கொடுக்கலாம்.