மரைன் பிளைவூட் என்று சொல்லி ஏமாற்றினார்கள்: ஜீப்புக்கு லாச்சிப் பெட்டி செய்விப்போர் கவனத்திற்கு

வயல்களிலும் தோட்டங்களிலும் நீரிறைக்கும் மிசின்களைத் திருத்திக் கொடுப்பது எனது தொழில். கிழமையில் மூன்று நாட்களாவது யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, முழங்காவில் பக்கம் எனது பழைய பஜிரோ ஜீப்பில் போய் வருவேன். ஸ்பானர்களும் குழாய்ப் பொருத்துகளும் சாக்குகளில் கலந்து கிடந்ததால், மூன்றாம் வரிசை ஆசனத்தைக் கழற்றிவிட்டு, பின்கதவைத் திறந்ததும் இழுக்கக்கூடிய இரண்டு நீண்ட லாச்சிகள் கொண்ட ஒரு பெட்டியை அந்த இடத்தில் அமைக்க விரும்பினேன். அளவெடுத்துப் படம் வரைந்தது நான்தான். மரவேலைக்கு வேண்டிய வாளும் இடமும் என்னிடம் இல்லாததால், நகரை அண்டிய ஒரு தச்சு வேலைத்தளத்திடம் அதை ஒப்படைத்தேன். அங்கே எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கேட்டவை தெளிவானவை. பெட்டியின் சட்டகம் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட்டிலும் (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை), பாரத்தைக் குறைப்பதற்காக லாச்சிகள் 12 மில்லிமீற்றரிலும் இருக்க வேண்டும். லாச்சி ஓடும் இரும்புத் தண்டவாளமான சனல் சோடி ஒன்று 100 கிலோ தாங்குவதாகவும் பூட்டு உள்ளதாகவும் இருக்க வேண்டும். முழுப் பெட்டியும் ஆசனம் பூட்டியிருந்த அதே துளைகளின் வழியாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். மொத்தக் கூலியும் பொருளும் 145,000 ரூபா என்றும், முற்பணம் 60,000 என்றும் பேசி முடித்தோம். பற்றுச்சீட்டில் "ஜீப் பெட்டி வேலை" என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒக்டோபரில் வேலை முடிந்தது. மேலே கறுப்புக் கம்பளம் ஒட்டி, பார்ப்பதற்கு அழகாகவே கொடுத்தார்கள். மாரி மழை தொடங்கி, நனைந்த குழாய்களையும் சேற்றுச் சாமான்களையும் உள்ளே வைக்கத் தொடங்கிய மூன்றாம் கிழமையில் இடப்பக்க லாச்சி இறுகிவிட்டது. இழுத்துப் பார்த்தபோது அடிப்பலகையின் ஓரம் ஊதி, தாள் அடுக்குகளைப் போலப் பிரிந்திருந்தது. வலப்பக்கச் சனலுக்குள் உருளும் சிறு இரும்புக் குண்டுகள் கொட்டின.

அதற்கு அடுத்த கிழமை, பரந்தனுக்கு அருகே கண்டி வீதியில் மாடுகள் குறுக்கே வந்ததால் கடுமையாகப் பிறேக் போட்டேன். பெட்டி அடியோடு பெயர்ந்து முன்னே வந்து நடு ஆசனத்தின் முதுகில் மோதியது. அந்த ஆசனத்தில் வழமையாக எனது உதவியாளர் இருப்பார். அன்று அவர் முன்னால் இருந்தார். கடும் பிறேக்கின்போது ஒரு பொருள், கிட்டத்தட்ட தன் எடையளவு விசையோடு முன்னோக்கித் தள்ளும். மோதல் நடந்தால் அந்த விசை பல மடங்காகும். சாமான்களோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும் ஒரு பெட்டி, மனிதரின் முதுகுக்குப் பின்னால் கட்டின்றி நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். போல்ட் ஒன்றுகூட இல்லை. பெட்டியை வாகனத்தின் அடித்தகட்டோடு பிடித்திருந்தவை தகட்டைத் தானே துளைத்துச் செல்லும் ஆறு ஸ்குரூ ஆணிகள் மட்டுமே. ஆசனத் துளைகள் கம்பளத்தின் கீழே வெறுமையாகக் கிடந்தன. வாகனத்தின் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது, அந்த ஆணிகளில் ஒன்றின் முனை பிறேக் குழாயிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பலகை ஏமாற்று பணத்தோடு போகும், இது உயிரோடு விளையாடிய வேலை. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பலகையின் கதை வேறு. உண்மையான மரைன் பிளைவூட்டில் அடுக்குகளை ஒட்டுவது நீரைத் தாங்கும் பீனோலிக் பசை. வெட்டிய ஓரத்தில் அது கரும்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். மலிவான உட்புறப் பலகைகளில் பயன்படுத்தும் யூரியாப் பசையின் கோடு வெளிறியிருக்கும். எனது பெட்டியின் ஓரங்கள் கரும்பழுப்பாகத்தான் இருந்தன, ஆனால் உப்புத்தாளால் தேய்த்ததும் நிறம் போய்விட்டது: ஓரத்தில் மட்டும் சாயம் பூசியிருக்கிறார்கள். உள்ளங்கையளவு துண்டொன்றை வெட்டிப் பழைய பானையில் கொதிக்க வைத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் அடுக்குகள் கையோடு கழன்று வந்தன. பலகை வாங்கும்போதே ஒரு துண்டு கேட்டு வாங்கி இதைச் செய்து பார்க்கலாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் மறுக்கமாட்டார்.

சனல்களில் "100 கிலோ" என்று ஒட்டியிருந்தாலும் அவை சமையலறை அலுமாரிகளுக்குப் போடும் 45 மில்லிமீற்றர் உயரச் சனல்கள். பூட்டோடு வரும் கனரகச் சனல் பொதுவாக 53 அல்லது 76 மில்லிமீற்றர் உயரமும் தடித்த தகடும் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் சிறுபிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். போதாக்குறைக்கு, அகலத்தை மிச்சம் பிடிக்க ஒரு லாச்சிக்குச் சனலைப் பக்கவாட்டில் நிறுத்தாமல் அடியில் படுக்கையாகப் பூட்டியிருந்தார்கள். அப்படிப் பூட்டினால் சனல் தாங்கும் பாரம் மிகவும் குறைந்துவிடும். தவிர, சொல்லப்படும் பாரம் ஒரு சோடிக்குரியது, அசையாத தளபாடத்துக்குரியது. குன்றும் குழியுமான வீதியில் ஓடும் வாகனத்துக்குப் பாரத்தின் இரு மடங்கு தாங்கும் சனலை எடுப்பதே பாதுகாப்பு.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போனேன். "அண்ணை, நீங்கள் பாரத்தைக் கூட ஏத்திப்போட்டு எங்களிலை பிழை சொல்லுறியள்" என்றார் பொறுப்பாக இருந்தவர். கொதித்துப் பிரிந்த துண்டைக் காட்டியபோது, பலகை தந்த கடையைக் கேட்கச் சொன்னார். கடை எது என்று கேட்டபோது பதில் இல்லை. பற்றுச்சீட்டில் பலகையின் தரமோ சனலின் அளவோ எழுதப்படாததால், நான் சொன்னதும் அவர் சொன்னதும் வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விடயத்தைச் சொல்லியிருக்கிறேன். எழுத்து மூல முறைப்பாட்டைப் படங்களோடு தயாரித்து வருகிறேன். வேலை ஒப்படைப்பவர்கள் பலகையின் தரம், தடிப்பு, சனலின் உயரம், வாகனத்தின் அடித்தகட்டோடு பூட்டும் முறை ஆகிய நான்கையும் முற்பணம் கொடுக்கும் முன்பே பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மைத்துனரின் வளவில் இருவருமாகச் சேர்ந்து புதிதாகச் செய்கிறோம். மூட்டுகளுக்குப் பசையும், முன்துளை இட்டுப் பூட்டிய ஸ்குரூவும். வெட்டோரங்களுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். அடித்தகட்டோடு இறுக்க, ஆசனத் துளைகள் நான்கிலும் 8.8 என்ற உறுதித் தரம் தலையில் பொறித்த போல்ட்கள், அகன்ற வாஷர்களோடு. பழைய பெட்டியின் சனலையும் பிரிந்த பலகையையும் எறியாமல் வைத்திருக்கிறேன். அண்மையில் இப்படியொரு பெட்டி செய்வித்தவர்கள், அடுத்த பயணத்துக்கு முன்னர் ஒருமுறை வாகனத்தின் கீழே படுத்து ஆணி முனைகள் எங்கே வந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறேக் குழாயருகிலோ எரிபொருள் தாங்கியருகிலோ ஒன்று தென்பட்டாலும் வாகனத்தை எடுக்காதீர்கள்.