லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு எந்த டிரைபாட் தலை? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

4×5 அங்குல ஃபிலிம் தாள் போடும் லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு டிரைபாட் தலை (கால்களுக்கு மேல் கேமராவைப் பிடித்து நிறுத்தும் பாகம்) வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது, அது எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணைத்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கோயில் மண்டபங்களையும் கோட்டை மதில்களையும் கல்திட்டைகளையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் எனக்கு அந்த எண் எதையும் தீர்மானிக்க உதவியதில்லை. பந்து மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு பால் ஹெட், கைப்பிடிகள் உள்ள ஒரு த்ரீ-வே ஹெட், பற்சக்கரத்தால் நகரும் ஒரு கியர்டு ஹெட் என மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டு கிலோவுக்கும் குறைவான என் மடக்கு மரக் கேமராவையும், நான்கு கிலோவைத் தாண்டும் மோனோரெயிலையும் (ஒற்றைத் தண்டின் மேல் அமைந்த கேமரா) தாங்குவதாகத்தான் மூன்றின் விவரக் குறிப்பும் சொல்கிறது. தாங்குவது வேறு, திருகை இறுக்கும்போது அசையாமல் நிற்பது வேறு.

தாங்குதிறன் எண், எடை முழுவதும் தலையின் நடுவுக்கு நேர்மேலே இருக்கும் நிலைக்கே பொருந்தும் என்று கொள்வது நல்லது. லார்ஜ் ஃபார்மட்டில் எடை அப்படி ஒழுங்காக உட்காருவதில்லை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள 300 மி.மீ. லென்ஸை மாட்டி, லென்ஸுக்கும் பின்பலகைக்கும் இடையிலான மடிப்புத் துருத்தியான பெல்லோஸை நீட்டினால், லென்ஸ் டிரைபாட் திருகிலிருந்து 20 செ.மீ. அளவுக்கு முன்னே போய்விடுகிறது. தலையின் பூட்டுக்கு அது தரும் சுமை, நான்கு கிலோ கேமராவை நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்ததற்குச் சமம். மோனோரெயிலில் தண்டைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்யலாம். மடக்குக் கேமராவில் அந்த வசதி கிடையாது. ஆகவே எடை குறைந்த கேமராவுக்கு எந்தத் தலையும் போதும் என்று நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் எண்ண வேண்டாம்.

இந்த முன்சுமையின் விளைவு, கேமராவின் பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில்தான் தெரியும். படத்தை அமைத்து, தலையைப் பூட்டும் திருகுக் குமிழியை இறுக்கிய மறுகணம் காட்சி சற்று நழுவும். பத்தில் ஒரு பாகை நழுவினாலே 300 மி.மீ. லென்ஸில் பிம்பம் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. சிறிய கேமராவில் இது பொருட்டில்லை, ஏனெனில் படம் எடுக்கும் நொடிவரை கண் வியூஃபைண்டரில் இருக்கும். இங்கே ஃபிலிம் வைத்த உறையான ஃபிலிம் ஹோல்டரைப் பின்பக்கம் செருகியபின் எதையும் பார்க்க முடியாது. ஹோல்டரைச் செருகும்போதும் ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடு தகட்டை உருவும்போதும் கேமராவின் பின்பக்கத்தை நாமே தள்ளுகிறோம், இழுக்கிறோம். பூட்டு தளர்வாக இருந்தால் ஓரத்தில் கவனமாக வைத்த தூண் ஃபிலிமில் பாதியாகத்தான் இருக்கும். அதுவும் டெவலப் செய்த பிறகே தெரியவரும்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். கோபுர உச்சியைப் பிடிக்கச் சாதாரணக் கேமராவை அண்ணாந்து சாய்க்கிறோம். கோபுரம் பின்னால் விழுவது போல் படம் வரும். லார்ஜ் ஃபார்மட்டில் கேமராவை மட்டமாக நிறுத்தி, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்துகிறோம். நெடுவாக்குப் படத்துக்கும் கேமராவைப் பக்கவாட்டில் கவிழ்க்க வேண்டியதில்லை. பெரும்பாலான 4×5 கேமராக்களில் பின்பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். எனவே தலைக்கு இருக்கும் வேலை, கேமராவை மட்டமாக்குவது, வேண்டிய திசைக்குத் திருப்புவது, பிறகு அசையாமல் இருப்பது, இவ்வளவுதான். 90 பாகை பக்கச் சாய்வுக்கென்று ஒருவர் கூடுதல் பணம் கொடுப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

பால் ஹெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரக் கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் மட்டும் கொண்டு இராயக்கோட்டை மலை ஏறுவதென்றால் இன்றும் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன். பையில் அது இருப்பதே தெரியாது. ஆனால் ஒரே குமிழியைத் தளர்த்தியதும் எல்லா அச்சுகளும் ஒருசேர விடுபட்டுவிடும். கிரவுண்ட் கிளாஸில் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும்போது, மட்டத்தைக் கெடுக்காமல் சற்றே கீழே இறக்க முயன்றால் திசையும் போகும், மட்டமும் போகும். மோனோரெயிலை அதன்மேல் வைப்பதை நிறுத்திவிட்டேன். இடக்கை எப்போதும் கேமராவைத் தாங்கிக்கொண்டே இருந்தால் ஃபோகஸ் செய்வதற்குக் கை எங்கே இருக்கிறது?

என் அன்றாட வேலைக்கு நிற்பது த்ரீ-வே ஹெட்தான். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனிப் பூட்டு இருப்பதால், மல்லசந்திரம் கல்திட்டைகளுக்கு அருகே சரிவான வெற்றுப் பாறையில் டிரைபாட் கால்களை மூன்று வெவ்வேறு நீளத்தில் ஊன்றி நிற்கும்போதுகூட, முதலில் பக்கவாட்டு மட்டத்தைச் சரிசெய்து பூட்டிவிட்டு அதை மறந்துவிடலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் உயரம். தலை எவ்வளவு தாழ்வாக அமைந்திருக்கிறதோ அவ்வளவு உறுதி. காற்றில் பெல்லோஸ் கப்பல் பாய் போல் ஆகிவிடும்போது ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் நெம்புகோலாக வேலை செய்கிறது. இதே காரணத்துக்காக டிரைபாட்டின் நடுத்தண்டையும் நான் உயர்த்துவதில்லை.

த்ரீ-வே ஹெட்டின் பெருந்தொல்லை கைப்பிடி. பின்னோக்கி நீளும் கைப்பிடி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் குனியும்போது சரியாகத் தொண்டைக் குழியில் வந்து இடிக்கும். இடித்தவுடன் கேமராவும் அசையும். கேமராவை மாற்றித் திருப்பி மாட்டிக் கைப்பிடியை முன்பக்கம் விடலாம் என்றால், அகலக்கோண லென்ஸுக்காகக் கேமரா அடித்தட்டின் முன்பகுதியை இறக்கும்போது அது கைப்பிடியில் முட்டுகிறது. ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கைப்பிடியைப் பாதியாக வெட்டி, முனையில் ஒரு குமிழ் பொருத்தி வாங்கினேன். வாகன உதிரிபாகங்களைக் கடைந்து பழகியவர்களுக்கு அது தேநீர் குடிக்கும் நேரத்து வேலை. அதே பட்டறையில்தான் கேமராவின் அடியிலிருந்த 3/8 அங்குல மரைக்குப் பொருந்தும் திருகையும் கடைந்து வாங்கினேன். பெரிய கேமராக்களில் 3/8 மரை இருந்தால் அதை அப்படியே பயன்படுத்துவது நல்லது. புஷ் (மரையைச் சிறிதாக்கும் வளையம்) போட்டு 1/4 அங்குலத்துக்குக் குறைத்தால், இறுக்கமாக இருப்பது போல் தோன்றினாலும் கனமான லென்ஸ் மாட்டியபின் கேமரா தகட்டின் மேல் மெல்லச் சுழல்கிறது. தகட்டின் மேல் தடித்த ரப்பர் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரப்பர் அமுங்கி எழும். மெல்லிய கார்க் அந்த அளவுக்கு அமுங்காது.

கியர்டு ஹெட் கட்டடங்களைப் படமெடுப்பவர்களுக்கான கருவி. தருமபுரி கோட்டைக் கோயிலில் அனுமதி பெற்று மண்டபத் தூண்களை எடுத்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. கிரவுண்ட் கிளாஸில் வரைந்திருக்கும் கட்டக் கோட்டோடு தூணின் விளிம்பைப் பொருத்த வேண்டும். அரைப் பாகை பக்கச் சாய்வு இருந்தாலும் படத்தின் 120 மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கோணல் வரும். தூண்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அது பளிச்சென்று கண்ணில் படும். த்ரீ-வே ஹெட்டில் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி, நழுவியதைப் பார்த்து, மறுபடி தளர்த்துகிறோம். கியரில் லூப்பை (கிரவுண்ட் கிளாஸை உற்றுப் பார்க்கும் உருப்பெருக்கி) கண்ணிலிருந்து எடுக்காமல் குமிழியை நூலளவு திருகினால் விளிம்பு மெல்ல ஊர்ந்து வந்து கோட்டின் மேல் படிகிறது. கையை எடுத்தால் அங்கேயே நிற்கிறது. தனியாகப் பூட்ட வேண்டிய வேலையே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. பற்களுக்கிடையே சிறிதளவு ஆட்டம் இருப்பதால், என்னிடம் இருக்கும் பழைய தலையில் லென்ஸை விரலால் தொட்டாலே அந்த ஆட்டம் தெரிகிறது. கடைசித் திருகலை எப்போதும் எடைக்கு எதிராக, அதாவது முன்பக்கத்தை மேலே தூக்கும் திசையில் முடித்தால் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும், ஆட்டமும் அடங்கிவிடும். தூசி அடுத்த குறை. கிரானைட் வெட்டும் குவாரிகளைச் சுற்றியுள்ள சாலைகளில் பறக்கும் வெண்பொடியும் நம் செம்மண்ணும் கிரீஸில் கலந்தால் அரைத்த சாந்து போலாகி, குமிழி நறநறக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். எடையும் குறைவில்லை: சந்தையில் பலருக்கும் தெரிந்த மான்ஃப்ரோட்டோ 410 தலை 1.22 கிலோ; அதற்கு மேற்பட்ட 405 தலை 1.6 கிலோ. இந்த இரண்டாவது எடை ஒரு மரக் கேமராவின் எடையையே எட்டிவிடுகிறது. மலைக்கோட்டைக்குப் படியேறுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. அங்கெல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களில் டிரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். எந்தத் தலை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

திருமண வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் ஃப்ளூயிட் ஹெட் கைவசம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வழுக்கி நகர்வதற்கென்று செய்த தலை அது. பக்கவாட்டுச் சாய்வுக்கு அச்சே இல்லாததால், தலை உட்காரும் கிண்ணத்தைத் தளர்த்தித்தான் மட்டம் பார்க்க வேண்டும்.

எந்தத் தலை வாங்கினாலும் அதில் பதித்திருக்கும் மட்டக்குமிழை முழுதாக நம்ப வேண்டாம். அது தலையின் மட்டத்தைக் காட்டுகிறது. படத்தைத் தீர்மானிப்பது கேமராவின் பின்பலகை. கொத்தனார்கள் வைத்திருக்கும் சிறிய ரசமட்டம் ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வாங்கிப் பின்பலகையின் மேலும் பக்கத்திலும் வைத்துப் பார்க்கிறேன். வீட்டுச் சுவரைச் சரிபார்க்கும் கருவி கோயில் தூணுக்கும் போதுமானதாகவே இருக்கிறது.

பழைய தலை வாங்குபவர்கள் தங்கள் கேமராவையும், இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் கையோடு கொண்டு போங்கள். கதவு நிலையின் விளிம்பை கிரவுண்ட் கிளாஸின் கட்டக் கோட்டில் பொருத்தி, கைக்கு இயல்பான இறுக்கத்தில் பூட்டி, ஹோல்டரை ஒருமுறை செருகி எடுத்துவிட்டு மீண்டும் லூப் வைத்துப் பாருங்கள். விளிம்பு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் விலை பேசலாம். அதற்கு மேல் நகர்ந்தால், உரசு வட்டை (பூட்டில் உரசிப் பிடிக்கும் வட்டு) மாற்றினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். அந்த மாடலுக்கு உரசு வட்டு தனியாகக் கிடைக்கிறதா என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.