உலர்த்தும் அறை சூடேறவில்லை: காயிலா, தூள் அடுப்பா?

மாதவரம் பக்கம் மரம் உலர்த்தச் சின்ன அறை போடுபவர், கரண்ட் காயிலா மரத்தூள் அடுப்பா என்று யோசிப்பார். கோளாறு கண்டுபிடிக்கக் காயில்தான் சுலபம். 60 டிகிரி ஏற வேண்டியது 45-இலேயே நிற்கிறதா? மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, மின்தடை அளக்கும் மல்டிமீட்டரைக் காயில் முனைகளில் வையுங்கள். 230 வோல்ட், 3 கிலோவாட் காயில் என்றால் சுமார் 17.6 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போச்சு. அது சரியாக இருந்தால், காண்டாக்டர் (காயிலுக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) முனை கருகியிருக்கிறதா பாருங்கள்.

அடுப்புக்கு மீட்டர் உதவாது. ஐப்பசி மழையில் தூள் நனைந்தால் புகைதான் மிச்சம். அடுப்புப் புகை போகும் குழாயில் கரி படிந்தால் வெப்பம் அறைக்குள் சரியாகப் போகாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க அரை நாள் போகும், சட்டையும் போகும். ஆனாலும் தூள் பட்டறையிலேயே கிடைக்கிறதே! கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு நான் அடுப்புக் கட்சி.