வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்? தரம் 6 முதல் சாதாரண தரம் வரை பாவித்துப் பார்த்ததில்

பிள்ளை 16 வயதில் எந்தப் பரீட்சைக்கு உட்காரப் போகிறது என்று முடிவு செய்யாமல் பாடத்திட்டம் வாங்கக் கூடாது. மலையகத்தில் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்களின் காசும் காலமும் வீணாவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். தரம் 6, 7இல் அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றை முழுப் பெட்டியாக இறக்குமதி செய்வார்கள். தரம் 10 வந்ததும் தரம் 11 முடிவில் வரும் இலங்கை அரச பரீட்சையான சாதாரண தரத்துக்குத் திரும்புவார்கள். அப்போது வரலாறு, சமயம், தமிழ், கேத்திரகணித நிறுவல் எல்லாம் பாக்கியாக நிற்கும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் பல வருடம் பாவித்த புத்தகங்களைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். அதற்கு முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. 2016க்கு முன் அது 14 வயது வரைதான் இருந்தது. வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்க முன் வலயக் கல்விப் பணிமனையில் பேசுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியையும் விடுகைப் பத்திரத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

எங்கள் தெரிவு அரச பாடநூல்தான். அதை முதுகெலும்பாக வைத்து, குறையுள்ள இடத்தில் மட்டும் வேறு புத்தகம் சேர்ப்பது. உள்ளூர்ப் பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில், அதாவது பாடங்களுக்கிடையே ஒப்பிடக் கணிக்கும் புள்ளியில், தங்கியிருக்கிறது. அங்கே போக நினைக்கும் பிள்ளைக்குச் சாதாரண தரமே நேர்வழி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்களை இலவசமாக பீடிஎஃப் ஆக இறக்கலாம். கணிதம், விஞ்ஞானம், வரலாறு மூன்றையும் இரு பக்கமும் அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போடுங்கள். மற்றவற்றை டெப்பில் வாசித்தாலும் குறையில்லை. கல்விச் சீர்திருத்தம் நடந்து வருவதால், அச்சடிக்க முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அக்காவின் பழைய புத்தகம் தம்பிக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

அரச புத்தகத்தின் பெரிய குறை, பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்பார் என்று நினைத்து எழுதப்பட்டிருப்பது. உதாரணங்கள் குறைவு, இடைப்படிகள் தாவும். இதற்கு மருந்து தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி. அதுவும் இணையத்தில் இலவசம். அலகு ஒவ்வொன்றுக்கும் எத்தனை பாடவேளை என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்களைக் கூட்டி வருடத்துக்குப் பிரித்தால் கால அட்டவணை தானாக வந்துவிடும். பாடசாலையில் ஒரு பாடவேளை 40 நிமிடம். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கணிதம் தவிர மற்றவை அதற்குள்ளேயே முடியும். கணிதத்துக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

கணிதத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதற்கு மடக்கை, அதாவது லொக், நல்ல எடுத்துக்காட்டு. 23.4ஐ 0.087ஆல் பெருக்க வேண்டும். 23.4இன் மடக்கை 1.3692. 0.087இன் மடக்கையில் முழுவெண் 2, அதன் தலையில் கோடு, தசமப் பகுதி .9395. கோடு அந்த 2க்கு மட்டும்தான் மறைக்குறி, தசமப் பகுதி எப்போதும் நேர். ஆகவே கூட்டினால் 0.3087, முரண்மடக்கை பார்த்தால் 2.036. தனியாகப் படிக்கும் பிள்ளை முழு எண்ணையும் மறையாக எடுத்து −1.5703 என்று எழுதிவிட்டு, அட்டவணையில் தேட இடமில்லாமல் முழிக்கும். கோட்டை ஒரு வாரம் சிவப்புப் பேனையால் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

சாதாரண தரக் கணிதத்துக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. பிரித்தானியப் பரீட்சையான எட்எக்ஸெல் சர்வதேச ஜீசீஎஸ்ஈயின் கணிதம் ஏயில் இரண்டு தாளுக்கும் கணிப்பான் உண்டு. கணிப்பானோடு வளர்ந்த பிள்ளை தரம் 10இல் இந்தப் பக்கம் வந்தால் பின்னமும் நீள்வகுத்தலும் கையில் இராது. எந்தப் பாடத்திட்டம் பாவித்தாலும் தரம் 9 முடியும்வரை கணிப்பானை அலுமாரியில் வைப்பதே நல்லது.

அடுத்தது அமெரிக்கப் பாடத்திட்டமான சாக்ஸன் கணிதம், 8/7 என்ற புத்தகம். தரம் 7, 8 பிள்ளைக்கு நாங்கள் பாவித்ததில் மிகவும் பிரயோசனமானது இதுதான். 120 பாடங்கள், ஒவ்வொன்றிலும் புதிய விடயம் கொஞ்சம், பிறகு பழையதையும் புதியதையும் கலந்து 30 கணக்குகள். போன மாதம் படித்த விகிதம் இன்றைய பயிற்சியிலும் வரும், ஆகவே மறக்காது. வாங்க முன் அவர்களின் இலவச நிலைகாண் பரீட்சையைக் கொடுங்கள். வயதைப் பார்த்து வாங்கினால் ஒரு படி பிழைக்கும். அங்குலம், அடி, இறாத்தல், டொலர் கணக்குகள் நிறைய உண்டு. அவற்றைத் தாண்டிப் போகலாம், ஒற்றை எண் கணக்குகளை மட்டும் செய்விப்பது வேண்டாம். அப்படிச் செய்தால் சில வகைக் கணக்குகள் முழுதாகத் தப்பிவிடும். நேரமில்லையென்றால் ஒரு பாடத்தை இரண்டு நாளுக்குப் பிரியுங்கள். இந்தப் புத்தகத்தில் தொடைகளும் (செட்) ஒழுக்குகளும் (லோக்கஸ்) மதிப்பீட்டு வரியும் வராது. தேற்ற நிறுவலும் நம்முடைய முறையில் இல்லை. தரம் 9 தொடக்கத்தில் இதை நிறுத்தி அரச புத்தகத்துக்கு வந்துவிட வேண்டும். தரம் 10 வரை இழுத்தவர்கள் நிறுவலில்தான் தடுமாறினார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் யூடியூப் பாடங்களும் இலவசம், விளக்கமும் நன்றாக இருக்கும். ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே கணம், இங்கே தொடை. அங்கே அணி, இங்கே தாயம். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். இவற்றால் பெரிய ஆபத்தில்லை, பிள்ளை பழகிவிடும். ஆபத்து ‘வேகம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நம்முடைய பாடநூலில் கதி என்பதைத் தமிழ்நாட்டில் வேகம் என்பார்கள். நாம் வேகம் என்பதற்கு அங்கே திசைவேகம். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே விடை எழுதினால், விளங்கிய பிள்ளைக்கே புள்ளி போகும். ஆகவே அவற்றை இரண்டாவது விளக்கமாக மட்டும் பாவியுங்கள். குறிப்புக் கொப்பியில் எழுதுவது நம்முடைய சொல்லாகவே இருக்கட்டும்.

சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்குக் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைச் சொல்லியாக வேண்டும். லெப்டொப்பில் நிறுவி, கான் அகாடமியின் ஆங்கிலக் காணொளிகளை டவுனில் நல்ல இணைப்பு இருக்கும்போது இறக்கிவிட்டால், பிறகு இணையம் தேவையில்லை. முழுத் தொகுதியையும் இறக்கினால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடும். தலைப்பு பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தென்மேல் பருவமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களுக்கு அச்சடித்த கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

விஞ்ஞானத்தைப் புத்தகத்தோடு மட்டும் முடிக்காதீர்கள். பத்துப் பரிசோதனைகள் வீட்டில் செய்த பிள்ளை கட்டமைப்பு வினாவில் தயங்காது. இலையில் மாப்பொருள் சோதனைக்கு வெயிலில் நின்ற செவ்வரத்தை இலை போதும். அதை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு, பிறகு ஸ்பிரிட் உள்ள சோதனைக் குழாயில் இட்டு, அந்தக் குழாயைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். அடுப்பை முதலில் அணைத்துவிடுங்கள். ஸ்பிரிட்டை ஒருபோதும் நேராக நெருப்பில் வைக்கக் கூடாது. பச்சை நிறம் போனதும் கழுவி அயடீன் விட்டால் கருநீலம் வரும். நாட்கணக்காக மூடுபனியாக இருந்தால் நிறம் மங்கலாகத்தான் வரும். அதையே கேள்வியாக்குங்கள்: ஏன்?

இன்னொன்று, நீரின் கொதிநிலை. புத்தகத்தில் 100 பாகை செல்சியஸ். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் குறைவு என்பதால் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். வெப்பமானி பழுது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். வெப்பமானி சரியாகத்தான் சொல்கிறது.

ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வளரும் பிள்ளைக்கு முதலில் தேய்வது தமிழ் எழுத்து. பேச்சில் குறை தெரியாது, கட்டுரை எழுதச் சொன்னால்தான் தெரியும். தரம் 8இலிருந்து தினம் ஒரு பக்கம் கையால் எழுத வேண்டும். கட்டுரை, கடிதம், சுருக்கம் என்று மாறி மாறி எழுதட்டும். வரலாற்றுக்கும் சமயத்துக்கும் அரச பாடநூல் ஒன்றே போதும். வேறெதிலும் காசு போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பரீட்சைதான் வழி என்று தீர்மானித்தவர்கள் பாடத்துக்குப் பாடம் கட்டணம் பவுண்ஸில் போவதைக் கணக்குப் பாருங்கள். 2022இல் ரூபா விழுந்தபோது பல குடும்பங்கள் நடுவழியில் நின்றன. இன்னொரு பிரித்தானியப் பரீட்சையான கேம்பிரிட்ஜின் விஞ்ஞானத்தில் ஆய்வுகூடப் பரீட்சைக்குப் பதிலாக ஆறாம் தாள் எழுத்திலேயே எழுதலாம். எட்எக்ஸெலில் தனிச் செய்முறைப் பரீட்சை கிடையாது. ஆய்வுகூடம் இல்லாத வீட்டுக்கு இரண்டுமே தோதானவை.

சாதாரண தரத்துக்கு மொத்தம் ஒன்பது பாடங்கள். ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்று நீங்கள் எடுப்பது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் குடியியற் கல்வி, தமிழ் இலக்கிய நயம், சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற சேர்க்கை நன்றாக ஓடியது; மூன்றுக்கும் புத்தகம் இருந்தால் போதும். சங்கீதம், நடனத்துக்குச் செய்முறைப் பரீட்சை உண்டு, குரு இல்லாமல் எடுக்க வேண்டாம்.

கணிதம் முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம்: 25 சிறு வினாக்கள், 5 கட்டமைப்பு வினாக்கள். இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம்; 12இல் 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு முழுத்தாள், மணிக்கூடு வைத்து. பரீட்சை மாதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2019 வரை டிசம்பரில் நடந்தது. 2023க்கானது 2024 மேயிலும், 2024க்கானது 2025 மார்ச்சிலும் நடந்தன. பாடத்தை மூன்று மாதம் முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும். பாடசாலையில் இருந்தால் அதிபர் பார்த்துக்கொள்வார். இங்கே எல்லாம் உங்கள் வேலை. 15 வயது ஆனவுடன் கிராம உத்தியோகத்தரிடமோ, தோட்டத்தில் வசித்தால் தோட்ட அத்தியட்சகரிடமோ போய் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த மாதக்கணக்கில் போகும். ஆகவே அந்தச் சான்றிதழைத் தரம் 9இலேயே எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.